டிரஸ்ட் தொடங்குவதா, ஒரு வேலைக்கு மட்டும் நிதி கேட்பதா?

குடியாத்தத்தில் நானும் என் கூட்டாளியும் ஒரு மாத இதழ் நடத்துகிறோம். பள்ளி திறக்கும் ஜூனிலும் தீபாவளிக்கும் விளம்பரம் வரும். மற்ற மாதங்களில் அச்சுக்கூலிக்கே இழுபறி. சந்தாதாரர்கள் எங்களைக் கைவிட்டதில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஆறு மாதம் ஒரே செய்தியின் பின்னால் அலைய முடியாது. அலைய வேண்டிய செய்தியோ கண்ணெதிரே இருந்தது. பாலாற்றில் கலக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசுக்காக மறுபடியும் தீர்ப்பு. நடுவில் போன 28 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் கரையோரக் கிணறுகள் என்ன ஆயின என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க நினைத்தோம். அதற்காகத்தான் வெளியே பணம் தேடினோம்.

வெளிநாட்டுப் பணத்தை யோசிக்கவே வேண்டாம். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதிச் சட்டப்படி, பதிவு பெற்ற பத்திரிகையின் ஆசிரியர், நிருபர், உரிமையாளர், வெளியீட்டாளர் யாரும் அதை வாங்கக் கூடாது. கம்பெனிகள் லாபத்தில் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு ஒரே ஒரு கதவைத்தான் தட்டினேன், அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சட்டம் சொல்லும் பட்டியலில் கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் எல்லாம் உண்டு. இதழியலுக்கென்று அதில் தனி இடம் இல்லை. தவிர, எங்கள் பக்கம் பெரிய கம்பெனி என்றால் தோலும் காலணியும்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக் கழிவைப் பற்றி எழுதப் போகிறவர்கள் அங்கே கை நீட்டக் கூடாது.

மிச்சம் இருந்தவை இரண்டு. டிரஸ்டாகப் பதிவு செய்து, இதழை நடத்தவே உள்நாட்டு அறக்கட்டளைகளிடம் நிதி கேட்பது ஒன்று. ஒரு செய்தி வேலைக்கு மட்டும், நம் பெயரிலேயே உதவித்தொகை கேட்பது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காரணம், பணம் வந்த பிறகு வரும் வேலை. வேலூரில் நண்பர்கள் நடத்திய ஒரு சிறு டிரஸ்டுக்கு இரண்டு வருஷம் கணக்கு எழுதியவன் நான். டிரஸ்டுக்கு வருமான வரி விலக்கு தரும் 12ஏ பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு, அவற்றைப் புதுப்பிப்பது, ஆண்டுத் தணிக்கை, ஆண்டு வரவில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழித்ததாகக் காட்டுவது, நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் ஏற்றுவது. அந்தத் தேதி தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். செய்தி எழுத வேண்டிய ஆள் ஆடிட்டர் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களைத் தடுத்தது 20 சதவீத வரம்பு. கல்வி, மருத்துவம் போன்றவற்றில் சேராமல் 'பொதுப்பயன்' என்ற பிரிவில் வரும் டிரஸ்டுக்கு வணிக வேலையில் கிடைக்கும் தொகை, மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டு வரி விலக்கு கிடையாது. பத்திரிகை காசு வாங்கிப் போடும் விளம்பரம் வணிகம்தான் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் இருந்தது 'தி ட்ரிப்யூன்' நாளிதழை நடத்தும் டிரஸ்ட். எங்கள் வரவில் பாதிக்கு மேல் ஜவுளிக்கடையும் பள்ளிக்கூடமும் தரும் விளம்பரம். நிதிக்காக அதைச் சுருக்கி, மூன்று வருஷம் கழித்து நிதி நின்றுவிட்டால்? விட்டுப்போன கடைக்காரர் மறுபடி வருவார் என்று எப்படி நம்புவது? விளம்பரமே வாங்காமல், எல்லாருக்கும் இலவசமாகத் தருபவர்களுக்கு டிரஸ்ட் முறை பொருந்தும். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய, கிராமங்களைப் பற்றி எழுதும் 'பாரி' இணையதளம் அப்படித்தான் டிரஸ்டாக நடக்கிறது. பத்துப் பேருக்குச் சம்பளம் தரும் அலுவலகத்தை நான் நடத்தியதில்லை; அவர்களுடைய கணக்கு வேறாக இருக்கலாம்.

தனி வேலைக்கான உதவித்தொகையில் இதழ் இதழாகவே இருக்கும். விண்ணப்பத்தில் 'உள்ளூர் இதழியலை வளர்ப்போம்' என்றெல்லாம் எழுதவில்லை. எந்தெந்த ஊர், எத்தனை கிணறு, என்ன கேள்வி என்று எழுதினோம். செலவையும் வரி வரியாகப் பிரித்தோம்: தண்ணீர் பரிசோதனைக் கட்டணம், பஸ் செலவு, தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், ஒருவருடைய சம்பளம். அச்சுக்கு முன் ஒரு வக்கீல் படித்துப் பார்க்கும் கட்டணத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். அவதூறு நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலைத் தேடினால் செலவு பல மடங்கு. வெளியாகும் முன் கட்டுரையைக் காட்டச் சொல்லக் கூடாது என்று நிதி தருபவர்களிடம் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கினோம். தயங்கித்தான் கேட்டோம், மறுப்பில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

குறைகளும் உண்டு. தொகையில் 10 சதவீதம், தரும்போதே பிடிக்கும் வருமான வரியாக (டிடிஎஸ்) போயிற்று. ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. இரண்டாம் தவணை ஏழு வாரம் தாமதம், அதுவரை கூட்டாளி கைக்காசைப் போட்டார். ஆபீஸ் வாடகைக்கு இதில் ஒரு பைசா எடுக்க முடியாது. தவணை தாமதத்தில் பட்ட அனுபவத்தால் அடுத்த விண்ணப்பத்தில் முதல் தவணையை மட்டும் பெரிதாகக் கேட்டிருக்கிறோம். இந்த முறை அணைக்கட்டுப் பக்கம், பீஞ்சமந்தை மலைக் கிராமங்களின் சாலைகள். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும்.