எடிட்டிங் இல்லாத கனவுப் படம்: கண்ணாடியா, டபுள் எக்ஸ்போஷரா, லாங் எக்ஸ்போஷரா?

ஜவுளிக்கடை ஷோகேஸ் முன்னால் சாயங்காலம் ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். உள்ளே பட்டுப்புடவை கட்டிய பொம்மை. அதே கண்ணாடியின் மேல் சாலை, ஆட்டோ, பூக்காரம்மாவின் கூடை, நமக்குப் பின்னால் நிற்கும் வேப்பமரம். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் பொம்மையின் முகத்துக்குள் மரம் முளைக்கும். இன்னும் ஓரடி நகர்ந்தால் அதன் வயிற்றுக்குள் ஆட்டோ ஓடும். கம்ப்யூட்டரில் லேயர் மேல் லேயராக அடுக்கி ராத்திரி முழுக்கச் செய்கிற வேலை அங்கே தானாக நடந்துகொண்டிருக்கிறது.

கனவுபோல விநோதமான சர்ரியல் படங்களைக் கேமராவுக்குள்ளேயே முடித்துவிட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்: பிரதிபலிப்பு, டபுள் எக்ஸ்போஷர் (ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படம் பதிப்பது), லாங் எக்ஸ்போஷர் (ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுப்பது), அளவில் கண்ணை ஏமாற்றும் கோணம். நான்கையும் பல வருஷமாக மாற்றி மாற்றி எடுத்துவருகிறேன். இவற்றில் எதை எடுப்பது என்று யோசிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே படம் கண்ணுக்குத் தெரிகிறதா?

எடிட்டிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஃபிலிப் ஹால்ஸ்மன் 1948இல் ஓவியர் சல்வதோர் டாலியை வைத்து எடுத்த 'டாலி அடாமிகஸ்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். டாலி குதிக்க, மூன்று பூனைகளும் ஒரு வாளித் தண்ணீரும் காற்றில் பறக்கும். 28 தடவை முயன்று எடுத்ததாக ஹால்ஸ்மன் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்திலும் பொருட்களைத் தொங்கவிட்ட கம்பிகள் பிற்பாடுதான் அழிக்கப்பட்டன. ஓவியம் வைக்கும் தாங்கியில் இருந்த வெற்றுச் சட்டத்துக்குள் டாலி பிறகுதான் வரைந்து சேர்த்தார். ஆனால் பூனைகள் நிஜமாகவே பறந்தன, தண்ணீர் நிஜமாகவே வளைந்தது. என் எல்லையும் அதுதான். ஓரம் வெட்டலாம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் விநோதம் லென்ஸுக்கு முன்னாலோ படம் பதியும் சென்சார் மேலோ நடந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் கலர் இன்ஃப்ராரெட்டை வெளியே வைக்கிறேன். இலைகள் வெள்ளையாகத் தெரியும் அந்த உலகம் அழகுதான். ஆனால் 720 நானோமீட்டர் ஃபில்டர் போட்டால் படம் செக்கச்செவேலென்று வரும். நீல வானம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றியே ஆகவேண்டும்.

கண்ணாடியும் டபுள் எக்ஸ்போஷரும்

இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டு உலகங்களை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருகின்றன. டபுள் எக்ஸ்போஷரில் வெளிச்சம் வெளிச்சத்தோடு கூடும். அதனால் வெளுத்த இடத்தில் இரண்டாவது படம் பதியாது, கறுத்த இடத்தில்தான் பதியும். இது புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வெள்ளை வானத்துக்கு எதிரே ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்தி முகம் நிழலுருவாகும்படி எடுத்துவிட்டு, அதன்மேல் ஆலம் விழுதுகளை எடுத்தால், விழுதுகள் தலைக்குள் மட்டும் தொங்கும். வானம் அவற்றை விழுங்கிவிடும். இரண்டு படமும் சம வெளிச்சத்தில் இருந்தால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும்படி, குறைத்து எடுக்க வேண்டும். நான்கு படம் என்றால் இரண்டு ஸ்டாப். பின்னணி கன்னங்கரேல் என்றால் எதையும் குறைக்க வேண்டியதில்லை. ஃபிலிமில் இதை மனக்கணக்காகப் போட்டோம். இப்போது கேமராவில் 'ஆவரேஜ்' என்று வைத்தால் அதுவே பார்த்துக்கொள்கிறது.

முன்பே தெரிகிறதா என்ற கேள்விக்கு இங்கே பாதிப் பதில்தான் கிடைக்கும். இந்த வசதி உள்ள மிரர்லெஸ் கேமராக்களில் முதல் படத்தைத் திரையில் மங்கலாகக் காட்டி, அதன்மேல் இரண்டாவதைப் பொருத்தவிடுபவை பல. பெரிய உதவி. ஆனால் டபுள் எக்ஸ்போஷர் வசதி எல்லா கேமராவிலும் இருப்பதில்லை. சோனி ஆல்ஃபா வரிசையில் பல மாடல்களில் இல்லை. வாங்குமுன் மெனுவைத் திறந்து பாருங்கள்.

கண்ணாடியில் எல்லாமே முன்பே தெரிகிறது. கேமராவுக்கு அங்கே வேலை குறைவு, காலுக்கும் கண்ணுக்கும்தான் வேலை. பகலில் வெளி வெளிச்சம் அதிகம் என்பதால் சாலை மட்டும் தெரியும். இருட்டியபின் கடை விளக்கு ஜெயித்துவிடும், பொம்மை மட்டும் மிஞ்சும். இரண்டும் சமமாக நிற்பது அந்திக்கருக்கலில் ஏறத்தாழ 20 நிமிடம். அந்த நேரத்தில் லென்ஸில் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்றை மாட்டிச் சாய்வாக நின்று திருப்பினால், பிரதிபலிப்பு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வைத்துக்கொள்ளலாம், ரேடியோவில் சத்தம் வைக்கிற மாதிரி. சாதாரணக் கண்ணாடிச் சன்னலுக்கும் தண்ணீருக்கும் இது பலிக்கும். ரசம் பூசிய கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் பலிக்காது.

உலோகம் என்றதும் நம் வீட்டு எவர்சில்வர் குடம் நினைவுக்கு வருகிறது. புகைப்படக்காரர் ஆந்த்ரே கெர்டெஸ் 1933இல் பாரிஸில் வளைந்த கண்ணாடிகளை வைத்து ஏறக்குறைய 200 படங்கள் எடுத்தார். உடல்கள் பிசைந்த மாவுபோல நீண்டும் உருகியும் தெரியும் வரிசை அது. அதற்கு அவருக்கு வேடிக்கைக் கண்ணாடிகள் தேவைப்பட்டன. நம் வீட்டில் குடம், தூக்குவாளி, தாம்பாளம், கரண்டியின் இரண்டு பக்கம் என்று ஒரு சமையலறையே இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். குடத்தின் புடைத்த பரப்பில் தெரியும் பிம்பம் பரப்புக்குச் சற்றே பின்னால்தான் இருக்கிறது, அதனால் கிட்டத்தில் ஃபோகஸ் செய்ய வேண்டும். தட்டையான கண்ணாடியில் பிம்பம் கண்ணாடியைத் தாண்டி, நிஜப்பொருள் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. ஆட்டோஃபோகஸ் இது தெரியாமல் கண்ணாடி மேலுள்ள தூசியைப் பிடித்துக்கொள்ளும். கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

இந்த இரண்டில் எனக்குக் கண்ணாடிதான் மேல். ஆனால் உணர்ச்சி என்று வந்தால் டபுள் எக்ஸ்போஷர் ஒரு படி முன்னே போகும். காலமும் இடமும் வேறான இரண்டைச் சேர்க்க அதனால் மட்டுமே முடியும். என் பாட்டியின் நிழலுருவுக்குள் அவர் பிறந்த ஊர்க் குளத்தின் படிக்கட்டை வைத்து ஒரு படம் எடுத்தேன். முகத்தை எடுத்தது சென்னையில், படிக்கட்டை எடுத்தது 11 நாள் கழித்து. எந்தக் கண்ணாடியும் அதைக் காட்டியிருக்காது.

லாங் எக்ஸ்போஷர்

இங்கே முன்பே எதுவும் தெரியாது. கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றைத்தான் எடுக்கிறோம். 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகெர் பாரிஸின் ஒரு சாலையை எடுத்தார். வண்டியும் ஆளும் நிறைந்த சாலை, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. நிமிடக்கணக்கில் திறந்திருந்த கேமராவில் நகர்ந்தவர்கள் யாரும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போட நின்ற ஒருவரும் மெருகு போட்டவரும் மட்டும் பதிந்தார்கள்.

வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த ஃபில்டரான என்டி ஃபில்டரில் 10 ஸ்டாப் உள்ளதை மாட்டினால் வெளிச்சம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகும். 1/60 நொடியில் எடுப்பதை 17 நொடி திறந்துவைத்து எடுக்கலாம். கடல் பனிமூட்டமாகிவிடும். அழகுதான், ஆனால் அந்தப் பனிக்கடலை எல்லோரும் எடுத்தாயிற்று. அலையை விட்டுவிட்டு மனிதரைச் சேர்க்கும்போதுதான் எனக்கு இந்த முறை உயிர் பெறுகிறது. விடியற்காலை கட்டுமரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "அண்ணே, நான் சொல்றவரைக்கும் அசையாம நில்லுங்க, சொன்னதும் சட்டுனு அந்தப் பக்கம் போயிடுங்க" என்றேன். 30 நொடியில் 15 நொடி நின்றார். அவர் உடம்பின் வழியே கட்டுமரத்தின் கயிறு தெரிந்தது. வெள்ளைச் சட்டை, பின்னால் கறுத்த மரம் என்பதால்தான் அது பலித்தது. கறுப்புச் சட்டையும் வெளுத்த வானமும் என்றால் லேசான நிழல்தான் மிஞ்சியிருக்கும். ட்ரைபாட் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பத்துக்கு எட்டுப் படம் வீணாகும், அதற்கும் தயாராகப் போங்கள்.

அளவை ஏமாற்றும் கோணம்

மாமல்லபுரத்தில் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையை உள்ளங்கையில் தாங்குவதுபோலப் படம் எடுக்காத குடும்பம் குறைவு. பொலிவியாவின் உயுனி உப்புவெளி இதற்கு உலகப் புகழ் பெற்ற இடம். 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெள்ளைத் தரை, தூரத்தைக் காட்டிக்கொடுக்க பெரும்பாலான இடத்தில் ஒரு செடிகூட இல்லை. இந்த ஒரு வகையில் போன் பெரிய கேமராவை ஜெயிக்கிறது. சென்சார் சிறிதாக இருப்பதால் அருகே உள்ளதும் தூரத்தில் உள்ளதும் ஒன்றாகத் தெளியும். கேமரா என்றால் லென்ஸின் துவாரத்தை எஃப் 16 என்ற அளவு வரை சிறிதாக்கி மூட வேண்டியிருக்கும். என்றாலும் இதை நான் கடைசியில்தான் வைப்பேன். தந்திரம் புரிந்த நொடியில் படம் தீர்ந்துவிடுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால் ஃபில்டரும் வேண்டாம், புது கேமராவும் வேண்டாம் என்பேன். கையிலிருக்கும் போனோடு ஒரு வாரம் அந்தி நேரத்தில் கடைத்தெருவுக்குப் போகட்டும். மழை விட்ட நாளாக இருந்தால், தேங்கிய தண்ணீரில் லென்ஸ் கிட்டத்தட்டத் தொடும்படி போனைத் தலைகீழாகப் பிடித்து, கடை விளக்குகள் தரைக்குக் கீழே எரிவதை முதலில் எடுக்கட்டும்.