கிழக்குப் பார்த்த அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்: பல மழைக்காலங்களுக்குப் பிறகு

வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பன் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான்: "ஜன்னலுக்கு அலுமினியம் போடவா, யுபிவிசி போடவா? நீ போட்டிருக்கியே, எப்படிடா இருக்கு?" யுபிவிசி என்றால் கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம். சரியான நேரத்தில்தான் கேட்டான். சென்னை திருவான்மியூரில் எங்கள் வீட்டுக் கிழக்குப் பக்க ஜன்னலைக் கழற்றி, கண்ணாடிக் கதவு உருண்டு ஓடும் ரோலரை அப்போதுதான் மாற்றியிருந்தோம். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உலோகத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடல் காற்று நேராக அடிக்கும் இடத்தில் பிரேம் வளையவில்லை, உப்பவில்லை, கரையான் பக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டுத் தேக்கு ஜன்னலை ஒவ்வொரு ஐப்பசியிலும் முட்டித் தள்ளித்தான் மூடுகிறார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அலுமினியத்தின் மேல் சுட்டு ஒட்டியிருக்கும் நிறப்பூச்சு, அதாவது பவுடர் கோட்டிங், ஒரே இடத்தில்தான் கெட்டது, ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி. சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். இரண்டு உலோகம் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். கோட்டிங் கொப்புளம் விட்டு, உள்ளே வெள்ளைப் பொடி. கடலோரம் வீடு என்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். மொத்தச் செலவில் அது ஒன்றுமே இல்லை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்: கீழ் டிராக், அதாவது கண்ணாடிக் கதவு (ஷட்டர்) ஓடும் கீழ்ப் பள்ளம்.

கார்த்திகை மழை கிழக்கிலிருந்து காற்றோடு வரும்போது கண்ணாடியில் வழியும் தண்ணீர் அத்தனையும் அந்த டிராக்கில்தான் இறங்கும். வெளிப்பக்கம் வெட்டிய வடிகால் துளை வழியாக அது போக வேண்டும். எங்கள் வீட்டில் பூச்சு வேலையின்போது சிமெண்ட் கலவை அந்தத் துளைகளிலேயே அடைத்துவிட்டது. ஜன்னல் மாட்டியவர் கொத்தனாரைச் சொன்னார், கொத்தனார் ஜன்னல் மாட்டியவரைச் சொன்னார். சரி, நாமே குத்திச் சுத்தம் செய்தோம். சாதாரண மழைக்கு அதன்பிறகு பிரச்சினை இல்லை.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, துளைகள் எல்லாம் திறந்திருந்தும், தண்ணீர் உள்ளே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். துளை வழியாகத் தண்ணீர் வெளியே போகவில்லை. வெளிக்காற்று அதே துளை வழியாக உள்ளே ஊதிக்கொண்டிருந்தது. டிராக்கில் தேங்கிய தண்ணீர் கொப்பளித்துக் குமிழி விட்டு, உள்பக்க விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று சுவரில் நேராக மோதினால் ஏறக்குறைய 170 பாஸ்கல் அழுத்தம் வரும். அது 17 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரை நிறுத்தி வைக்கும் அழுத்தம். 72 கிலோமீட்டர் என்றால் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு இஞ்ச். எங்கள் டிராக்கின் உள்விளிம்பு ஒரு இஞ்ச் உயரம்கூட இல்லை. பிறகு எப்படி நிற்கும்? இடுக்கு அடைக்கும் சிலிக்கான் பசை எத்தனை டியூப் பூசினாலும் இது தீராது. உள்விளிம்பு உயரமாக இருக்கும் அலுமினியச் சட்ட செக்‌ஷனைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்த கொட்டேஷனில் கண்ணாடி கனம் இருந்தது, கோட்டிங் நிறம் இருந்தது, கொசுவலை இருந்தது. விளிம்பு உயரம் என்று ஒரு வரி இல்லை. புயல் அடிக்கும் கடற்கரையில் ஜன்னல் விற்கிறவர்கள் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் அது.

ரோலர் போனதும் இதனால்தான். தேங்கிய தண்ணீரில் மணலும் உப்பும் சேர்ந்து பேரிங் துருப்பிடித்துவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தால்தான் ஷட்டர் நகர்ந்தது. ரோலர் மாற்ற வந்த தம்பி சொன்னார்: "ரோலர் மேல தப்பில்ல சார், தண்ணிலயே நின்னா எந்த ரோலரும் இப்படித்தான் ஆகும்."

ஸ்லைடிங் ஏன் இவ்வளவு பரவியது என்பது புரியாமல் இல்லை. உள்ளே கிரில் இருந்தாலும் கையை நுழைத்துக் கதவைத் தேட வேண்டாம். மூன்றாவது டிராக்கில் கொசுவலை ஓடிவிடும். காற்றில் படபடவென்று அடிக்காது. எல்லாம் உண்மை. ஆனால் இரண்டு ஷட்டர் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். வீடுகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு, 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, சென்னை போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களுக்கு, தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதமாவது திறக்கும் பரப்பு வேண்டும் என்கிறது. வீடு முழுவதற்குமான கணக்கு அது. ஒரு அறைக்குப் பொருத்திப் பாருங்கள்: 120 சதுர அடிக்கு 20 சதுர அடி. ஸ்லைடிங்கில் அதற்கு 40 சதுர அடி ஜன்னல் வைக்க வேண்டும். கதவுபோலத் திறக்கும் ஓப்பன் டைப்பில் 90 சதவீதம் திறக்கும் என்று அதே விதித்தொகுப்பு கணக்கு வைக்கிறது. கடல் காற்றுக்காக வீடு கட்டிவிட்டுப் பாதிக் காற்றைக் கண்ணாடியால் மறைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஓப்பன் டைப்பில் மூடும்போது ஷட்டர் ரப்பர் பீடிங் மேல் இறுகி உட்காரும், மழைக்கும் அதுதான் நல்லது. கொசுவலைதான் சிரமம், தனியாகச் சுருள் வலை போட வேண்டும்.

சூடு பற்றியும் நண்பன் கேட்டான். அலுமினியம் யுபிவிசியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். ஓ.எம்.ஆரில் என் அலுவலகம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். மாலை 4 மணிக்கு மேற்குப் பக்கத்து அலுமினியச் சட்டத்தை உள்ளிருந்து தொட்டாலே சுடும். வீட்டில் ஏசி ஓடும் புழுக்கமான இரவுகளில் பிரேமின் வெளிப்பக்கம் வியர்த்து நிற்கும். உள்ளிருக்கும் குளிர்ச்சி உலோகம் வழியாக வெளியே போகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இதற்கு வழி இருக்கிறது. பிரேமை உள், வெளி என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் கண்ணாடி இழை கலந்த பாலிஅமைடு (நைலான் வகைப் பிளாஸ்டிக்) பட்டை வைக்கிறார்கள், தெர்மல் பிரேக் என்று பெயர். ஏசி போட்ட அலுவலகக் கட்டடங்களில் இனி இது இல்லாத அலுமினியத்துக்கு இடமே இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து வாழும் வீட்டுக்கு அவ்வளவு அவசரமில்லை. அங்கே வெயிலைத் தடுப்பது சன்ஷேடுதான்.

யுபிவிசி சூட்டுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் வெயிலில் அலுமினியத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரியும், பலத்துக்கு உள்ளே இரும்புக் குழாய் நுழைக்க வேண்டும், சட்டம் தடிமனாகிக் கண்ணாடிப் பரப்பு குறையும். நான் அலுமினியத்தின் பக்கம்தான்.

புது ரோலர் போட்ட பிறகு ஜன்னல் ஒரு விரலால் தள்ளினாலே ஓடுகிறது, மாட்டிய நாளில்கூட இவ்வளவு இலகுவாக இல்லை. இருந்தாலும் தை பிறந்ததும் கிழக்கு ஜன்னலைக் கழற்றிவிட்டு, அதே அலுமினியத்தில் ஓப்பன் டைப் போடப் போகிறேன். பழைய செக்‌ஷன் எடைக்குப் போகும். உருக்கித் திரும்ப எடுக்க, புதிதாகத் தயாரிக்கத் தேவையான ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். மேற்கிலும் வடக்கிலும் இருக்கும் ஸ்லைடிங் அப்படியே இருக்கட்டும், அங்கே மழை அடிப்பதில்லை.