சித்தூரிலிருந்து வேலூருக்கு: தம்பியின் தண்டுவட நீர்க்கட்டி

சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் சித்தூருக்குப் போயிருந்தபோது, தம்பி இடது உள்ளங்கையில் சுடு தம்ளரால் எழுந்த கொப்புளத்தைக் காட்டி, சூடே தெரியவில்லை என்றான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மாமரத்திலிருந்து விழுந்து, நடு முதுகுக்குக் கீழே உணர்விழந்தவன் அவன். கைகள் அதுவரை நன்றாகவே இருந்தன. இருமினால் தோளுக்குள் வலி ஏறுவதாகவும் பல மாதங்களாகச் சொல்லியிருக்கிறான். சக்கர நாற்காலியைத் தள்ளுவதால் வந்த வலி என்று தைலம் தேய்த்ததோடு வீட்டில் விட்டிருந்தார்கள்.

விழுந்த ஆண்டில் அவன் பயிற்சி பெற்றது வேலூரை அடுத்த பாகாயத்தில். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் அமைந்த மறுவாழ்வு நிலையம் அது. கையில் மாற்றம் தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று அங்கே சொல்லியனுப்பியதை நாங்கள்தான் மறந்திருந்தோம்.

முதலில் போன ஸ்கேன் மையத்தில், பழைய முறிவின் இடத்தை மட்டும் படமெடுத்து, 'பழைய காயம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். கைக்கான நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. அந்தக் கழுத்தை ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விக்குப் பதிலில்லை, கட்டண ரசீது மட்டும் உடனே கிடைத்தது.

கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டி வேலூருக்குச் சென்று முதுகு முழுவதும் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான், காயத்திலிருந்து கழுத்துவரை தண்டுவடத்தின் உள்ளே நீண்டிருந்த நீர்க்கட்டி தெரிந்தது. காயத் தழும்பால் தண்டுவடம் சுற்றியுள்ள உறைகளோடு ஒட்டிக்கொள்வதால், தண்டுவடத்தைச் சுற்றி ஓட வேண்டிய நீர் தடைபட்டு உள்ளே தேங்குகிறது என்றும், இருமலும் முக்கலும் அதை மேலே தள்ளுகின்றன என்றும் அறுவை மருத்துவர் விளக்கினார். சிறு குழாய் வைத்து நீரை வடிக்கலாம், ஆனால் குழாய் அடைத்துக்கொண்டால் மறுபடி திறக்க வேண்டிவரும்; ஆகவே ஒட்டிக்கொண்ட இடங்களைப் பிரித்து, உறையில் ஒட்டுத் துண்டு தைத்து நீர் ஓட இடம் உண்டாக்குவதையே முதலில் செய்வதாகச் சொன்னார். இவை அனைத்தையும் அவர் என்னிடமல்ல, தம்பியிடமே சொன்னார். "மேலே ஏறுவதை நிறுத்தத்தான் இந்த ஆபரேஷன், தம்பி. போன உணர்வு திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்ற அந்தச் சொல்லுக்காகவே அவரை நம்பினேன்.

ஆபரேஷன் முடிந்தபின், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை செவிலியர் புரட்டிப் படுக்கவைத்தார்கள். இருமும்போது வந்த வலி குறைந்திருக்கிறது. சூடு இன்னும் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து மறு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அப்போது நான் உடனிருக்க முடியாது என்பதால், கோப்பின் மேலட்டையில் 'கழுத்தையும் சேர்த்து எடுக்கவும்' என்று தமிழிலும் தெலுங்கிலும் பெரிதாக எழுதிவைத்துவிட்டு வந்தேன்.