ரெடிமேட் எக்செல் பில்லிங் ஃபைல் வாங்கி ரூ.18,500 ஏமாந்தோம், நீங்களும் பாருங்கள்

ஆன்லைனில் விற்கும் எக்செல் பில்லிங் ஃபைலை வாங்கிக் கடை நடத்துகிறவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். ஏப்ரல் 1-க்கு அப்புறம் உங்கள் ஃபைலும் "கரப்ட்" ஆகியிருந்தால் அவசியம் படியுங்கள். எனக்குப் போனது ரூ.18,500. போன விதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கரூரில் எங்களுக்குப் போர்வை, துண்டு மொத்த வியாபாரம். டெம்ப்ளேட் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் ஜிஎஸ்டி பில், ஸ்டாக், பார்ட்டி லெட்ஜர் எல்லாம் ஒரே எக்செல் ஃபைலில் இருக்கும் என்று போட்டிருந்தார்கள். விலை ரூ.12,500. ஒரு தடவை கட்டினால் போதும், ஆயுளுக்கும் பயன்படுத்தலாம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. புகார் கொடுத்திருப்பதால் தளத்தின் பெயரையும் விற்றவர் பெயரையும் இங்கே எழுதவில்லை.

பணம் கட்டும் முன்பே அவரிடம் போனில் கேட்டேன், உள்ளே மேக்ரோ (எக்செல்லுக்குள் தானாக வேலை செய்யும் குட்டி புரோகிராம்) ஏதாவது இருக்கிறதா என்று. "ஒண்ணே ஒண்ணு இருக்குங்கண்ணா, பில் தொகையை எழுத்துல மாத்தறதுக்கு" என்றார். நியாயமான பதில்தான். தாய்லாந்து பாட் தொகையை எழுத்தில் காட்ட எக்செல்லிலேயே ஒரு ஃபங்ஷன் உண்டு, நம் ரூபாய்க்குக் கிடையாது. அதனால் பில்லின் அடியில் "ரூபாய் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும்" என்று வர, பெரும்பாலும் மேக்ரோதான் எழுதுவார்கள். அப்புறம் நான் கேட்காமலே ஸ்கிரீனை ஷேர் பண்ணினார். ஆல்ட்+எஃப்11 அழுத்தி அந்த மேக்ரோவைத் திறந்து, வரி வரியாக நகர்த்திக் காட்டினார். பாஸ்வேர்டுகூடப் போட்டிருக்கவில்லை. "பாத்துக்கங்கண்ணா, ஒளிவுமறைவே இல்லீங்க." தானாக முன்வந்து திறந்து காட்டுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அன்று இரவே ரூ.12,500 அனுப்பினேன். ஃபைலைத் திறந்ததும் மேலே வந்த மஞ்சள் பட்டையில் "எனேபிள் கன்டென்ட்" அழுத்தச் சொன்னார், அழுத்தினேன்.

மார்ச் கடைசி வரை ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் 1 காலையில் திறந்தால் ஒரு பெட்டி வருகிறது: ஃபைல் பழுதாகிவிட்டது, விற்பனையாளரைத் தொடர்பு கொள்ளவும். ஓகே கொடுத்தால் முகப்பு ஷீட் மட்டும் நிற்கிறது. ஸ்டாக் இல்லை, லெட்ஜர் இல்லை, மார்ச் பில் ஒன்றுகூட இல்லை. ரைட் கிளிக் செய்து "அன்ஹைட்" பார்த்தால் அதிலும் ஒன்றும் இல்லை. ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனைக் கணக்கு) போட 11-ஆம் தேதி கடைசி. அவரைக் கூப்பிட்டேன். "டேட்டா அதிகமாயிருச்சுங்கண்ணா, அதான் கரப்ட் ஆயிருச்சு. ரிப்பேருக்கு ஆறாயிரம் ஆகும்" என்றார். வேறு வழியில்லாமல் கட்டினேன். டீ குடிக்கிற நேரத்தில் ஃபைல் திரும்பி வந்துவிட்டது, எல்லாக் கணக்கும் அப்படியே இருந்தது. ஆக மொத்தம் ரூ.18,500.

இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சரியானது என்று என் அக்கா மகனுக்குத்தான் உறுத்தியது. அவன் கம்ப்யூட்டர் படிக்கிற பையன். பழுதான ஃபைலின் ஒரு நகலை எடுத்து, பெயரின் கடைசியில் இருந்த எக்ஸ்எல்எஸ்எம்மை ஜிப் என்று மாற்றிப் பிரித்தான். இந்த வகை எக்செல் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தானாம். நாம் வழக்கமாகப் பார்க்கும் மேக்ரோ "விபிஏபிராஜெக்ட்" என்ற பெயரில் அதற்குள் இருக்கும். அது இருந்தது, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே "மேக்ரோஷீட்ஸ்" என்று இன்னொரு ஃபோல்டர். "மாமா, இது 1992 காலத்து எக்செல் 4.0 மேக்ரோ. ஆல்ட்+எஃப்11 அழுத்தினா இந்த ஷீட்டு லிஸ்ட்லயே வராது" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எனக்குத் திறந்து காட்டிய ஜன்னலில் தெரியவே தெரியாத இடத்தில்தான் வேலையை வைத்திருக்கிறார்.

நோட்பேடில் திறந்தோம். ஃபைல் திறந்ததும் தானாக ஓடும் "ஆட்டோ ஓப்பன்" என்ற பெயரும் மறைத்தே வைக்கப்பட்டிருந்தது. இன்றைய தேதி 45747-ஐத் தாண்டினால் ஸ்டாக், லெட்ஜர், பில் ஷீட்களை "வெரி ஹிடன்" ஆக்கு (அன்ஹைட் பட்டியலில்கூட வராதபடி மறை), பிறகு அந்தப் பெட்டியைக் காட்டு. இவ்வளவுதான் அந்த மேக்ரோ. எக்செல் தேதிகளை எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். 45747 என்றால் 2025 மார்ச் 31. வருடக் கணக்கு முடிக்கிற நேரம் பார்த்து வைத்த பொறி.

அடுத்து "ரிப்பேர்" ஆகி வந்த ஃபைலைப் பிரித்தோம். 45747 இருந்த இடத்தில் 46112 இருந்தது. 2026 மார்ச் 31! ரூ.6,000 வாங்கிக்கொண்டு ஓர் எண்ணை மாற்றி, அடுத்த வருடத்துக்கும் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்.

போனில் இதைச் சொன்னதும் "அது லைசென்ஸ் பாதுகாப்புங்கண்ணா" என்றார். ஆயுளுக்கும் என்றுதானே விற்றீர்கள் என்றால், "அது ஃபைலோட ஆயுள்ங்க" என்கிறார். அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை. தளத்துக்கு எழுதினேன். டிஜிட்டல் பொருளுக்கு 7 நாளுக்குள்தான் பணம் திரும்பும் என்று பதில். எட்டு மாதம் கழித்து வெடிக்கிற மாதிரி வைத்ததை 7 நாளில் எப்படிக் கண்டுபிடிப்பது? படங்களோடு மறுபடி எழுதினேன். "எங்கள் வைரஸ் ஸ்கேனில் எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். ஷீட்டை மறைப்பதும் பெட்டி காட்டுவதும் எக்செல்லின் சாதாரண வேலைகள், ஸ்கேனில் எப்படிச் சிக்கும்? 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும். எனக்கு அதுவும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும், சைபர் குற்றத்துக்கான 1930-லும் சொல்லியிருக்கிறேன். ரூ.18,500-ஐ விடப்போவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு நிதானம் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஆல்ட்+எஃப்11-ல் காட்டினார்கள் என்பதற்காக நம்பாதீர்கள். நகல் எடுத்து ஜிப் ஆக்கிப் பாருங்கள், மேக்ரோஷீட்ஸ் ஃபோல்டர் இருந்தால் வாங்காதீர்கள். வெறும் ஃபார்முலா என்றால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகவே கேளுங்கள், அந்த வகையில் மேக்ரோ தங்காது. எங்களிடம் இருப்பது 2013 எக்செல், மஞ்சள் பட்டையோடு விட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் 365-ல் இந்தப் பழைய மேக்ரோ இப்போது தானாகவே முடக்கப்பட்டிருக்கும். "அந்த செட்டிங்கை ஆன் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே பூட்டிக்கொண்டவர்கள் ரிப்பேருக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் கணக்கு அழியவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது. ஃபைலை நகல் எடுத்துக்கொண்டு, ஆல்ட்+எஃப்11-ல் இடது பக்கப் பட்டியலில் உங்கள் ஷீட்டைத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்துங்கள். "விசிபிள்" என்ற இடத்தில் இருக்கும் "வெரி ஹிடன்" என்பதை "ஷீட் விசிபிள்" என்று மாற்றினால் ஷீட் வந்துவிடும். உடனே எல்லாவற்றையும் ஒரு புது ஃபைலுக்கு மாற்றிவிடுங்கள், பழையதை மறுபடி திறந்தால் திரும்பவும் மறைத்துவிடும். ஒர்க்புக்கையே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் இந்த வழி நடக்காது. எக்செல் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், விற்றவரிடம் மட்டும் போகாதீர்கள்.