ஓடவிடுவதா, அணைத்துவிட்டுச் சூடேற்றுவதா: குளிர்நாட்டு டீசல் பிக்கப்பின் எஞ்சின் தேய்மானம்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் கடுங்குளிரில் டீசல் பிக்கப்பை நிறுத்துபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. எஞ்சினை ஓடவிட்டே வைக்கலாம். அல்லது அணைத்துவிட்டு, அங்குள்ள வாகன நிறுத்தங்களில் பரவலாகக் காணப்படும் மின் இணைப்பில் பிளாக் ஹீட்டரை (எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்கருவியை) செருகலாம்.

ஓடவிடும் வழியில், கிளம்பும்போது கேபின் கதகதப்பாக இருக்கும், ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலையும் இல்லை. ஆனால் வண்டி நின்றபடியே, சுமையின்றி ஐடிலில் ஓடும் டீசல் எஞ்சினில் சிலிண்டர் வெப்பம் குறைவதால், முழுமையாக எரியாத டீசல் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்து, எஞ்சின் தேய்மானத்தைக் கூட்டுகிறது. கரி இஜிஆர் வால்விலும் (புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு) புகை வடிகட்டியிலும் படிகிறது. அதை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசல் பீய்ச்சப்படும்போது, பல எஞ்சின்களில் அதிலும் ஒரு பகுதி ஆயிலுக்கே போகிறது. இவ்வளவு நடந்தும் ஓடோமீட்டர் அசைவதில்லை. பழைய பிக்கப் வாங்குபவர் கிலோமீட்டரோடு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கையும் கேட்பது அதனால்தான்.

ஹீட்டரோ எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சூடாக்கி, அதன் வழியே எஞ்சின் பிளாக்கையும் இளஞ்சூடாக வைக்கிறது. கிளம்புவதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பு செருகினால் பெரும்பாலும் போதும். மின்கட்டணம், ஸ்டார்ட்டருக்கும் பேட்டரிக்கும் சற்றே கூடுதல் உழைப்பு ஆகியவையே இதன் செலவு. ஆயில் கெடுவதோடு ஒப்பிட்டால் இது சிறிது என்பதே என் கணிப்பு.

மின் இணைப்பே இல்லாத இடத்தில், மைனஸ் 40 டிகிரியில், எஞ்சினை அணைப்பது அறிவுடைமை ஆகாது. அப்போதும் வெறும் ஐடிலில் விடாமல், ஹை ஐடில் வசதியால் எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் கூட்டி வைத்து, ஆயிலை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும்.