திட்டத்தின் எழுத்தா, தொட்ட பக்கங்களா?

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளின் ஆர்டர் கணக்கை வைத்திருக்கும் மென்பொருளைக் காரைக்குடியில் நாங்கள் மூன்று பேர் பராமரிக்கிறோம். அதன் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து 14-க்கு மாறியபோது, ஒவ்வொரு வினவலையும் (தரவைக் கேட்கும் கேள்வியையும்) எந்த வழியில் ஓட்டுவது என்று திட்டமிடும் குவெரி பிளானர் எங்காவது தடம் மாறினால் உடனே பிடிபட வேண்டும் என்று சோதனை அமைத்தோம். இரண்டு வழிகளில் செய்து பார்த்து, இரண்டாவதில் நிலைத்துவிட்டோம்.

முதல் வழியில், எக்ஸ்பிளெய்ன் கட்டளை காட்டும் அந்தத் திட்டத்தைக் கோப்பில் எழுதி வைத்து, அடுத்த முறை வருவதோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். போஸ்ட்கிரெஸின் சொந்தச் சோதனைகளும் பிளானர் மதிப்பிடும் செலவு எண்களை மறைத்துவிட்டு இப்படித்தான் ஒப்பிடுகின்றன. வினவலை ஓட்டவே வேண்டாம், நொடியில் முடியும்.

இரண்டாவதில் வினவலை ஓட்டி, அது தொட்ட, தரவு சேமிக்கப்பட்டிருக்கும் 8 கேபி பக்கங்களை எண்ணுகிறோம். பஃபர் என்ற நினைவகப் பகுதியில் ஏற்கெனவே இருந்தவற்றையும் புதிதாகப் படித்தவற்றையும் கூட்டினால், சர்வரை அணைத்துப் போட்டாலும் தொகை பெரிதாக அசையாது. நேரத்தை அளந்தால் இந்த உறுதி கிடைக்காது.

என்னைத் திருப்பியது பராமரிப்புதான். 14-இல், ஒருமுறை தேடிய விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் மெமோயிஸ் என்ற புதிய படி திட்டங்களில் வந்தது. கோப்பு கோப்பாக வேறுபாடு காட்டியது. போதாக்குறைக்கு, அனலைஸ் கட்டளை இயல்பாக அட்டவணையின் 30,000 வரிகளை மட்டும் தற்செயலாகப் பொறுக்கிப் புள்ளிவிவரம் எடுப்பதால், செலவில் நெருங்கி நிற்கும் இரண்டு திட்டங்கள் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாறி வரும். தீங்கில்லாத மாற்றங்களை ஏற்று ஏற்றுக் கண் சலித்துவிட்டது. அந்தச் சலிப்பில்தான் பாக்கி ஆர்டர் பட்டியல், தேதி இன்டெக்ஸை விட்டு அட்டவணை முழுவதையும் வாசிக்கத் தொடங்கியதையும் நானே ஏற்றுக்கொண்டேன். மாதக் கடைசியில் பட்டறைக்காரர்கள் காத்துக்கிடந்தார்கள்.

ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர் இது. கணக்கு உதைத்தால்தான் பேரேட்டில் வரி வரியாகத் தேடுவார்கள். பக்க எண்ணிக்கையையும் அப்படியே வைத்தோம்: பழைய தொகை இரட்டித்தால் மட்டும் சோதனை நிற்கும். அதன்பின் கோப்பு திருத்தும் வேலை ஏறக்குறைய ஒழிந்தது.

குறையும் உண்டு. நினைவகத்தில் திரட்டிய வரிகளையே ஒரு ஜாயின் (அட்டவணைகளை இணைக்கும் படி) திரும்பத் திரும்பச் சுற்றினால் பிராசஸர் திணறும், பக்கக் கணக்கு அசையாது. அதனால் ஒவ்வொரு படியிலும் கடந்த வரிகளையும் எண்ணுகிறோம். சோதனைத் தரவும் உண்மையான அளவில் இருக்க வேண்டும். எங்கள் அட்டவணைகள் சில லட்சம் வரிகள்தான். கோடிகளில் இதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

பாக்கிப் பட்டியல் உட்பட நான்கு வினவல்களுக்கு மட்டும் திட்டக் கோப்பை இன்னும் வைத்திருக்கிறோம். தொகை உதைக்கும் அன்று பிரித்துப் பார்க்க.