கூகுள்ல மேல வர யார்கிட்ட காசு குடுக்கலாம்: மாசப் பேக்கேஜா, ஃப்ரீலான்சரா, ஏஜென்சியா, இல்ல நாமளேவா?

ரோஸ் ஹில்ல புடவைக் கடை வச்சிருக்குற அக்கா போன மாசம் போன் பண்ணாங்க. "ஏம்மா, உங்க கெஸ்ட் ஹவுஸ் சைட்டுக்கு எஸ்இஓ யாரு பண்ணாங்க? எனக்கு ஒருத்தன் வாட்ஸ்அப்ல வந்து, மாசம் ஆறாயிரம் ரூபாய் குடுத்தா மூணே மாசத்துல கூகுள்ல முதல் இடம்ங்குறான், குடுக்கலாமா?"ன்னு கேட்டாங்க. (எஸ்இஓன்னா கூகுள்ல தேடும்போது நம்ம சைட் மேல வர்றதுக்குச் செய்யுற வேலை.) சட்டுனு வேண்டாம்னு சொல்லிட்டேன், ஆனா போனை வச்சப்புறம் மனசு கேக்கல, ஏன்னா அதே மாதிரி ஒரு பேக்கேஜுக்கு நாங்க எட்டு மாசம் காசு கட்டிருக்கோம், அப்புறம் ஃப்ரீலான்சர் ஒருத்தர வச்சோம், நடுவுல ஏஜென்சிகிட்ட கொட்டேஷன் வாங்கினோம், ஒரு சீசன் கூகுள் ஆட்ஸும் போட்டோம். இதெல்லாம் பார்த்தவ வெறுமனே வேண்டாம்னு மட்டும் சொன்னா பத்தாது. மொரீஷியஸ்ல சின்னதா தொழில் வச்சிருக்குற நம்மாளுங்க எல்லாருக்கும் ஆகும்னு இங்கயே எழுதிடுறேன்.

முதல்ல ஒண்ணு. அக்கா கடைக்கும் எங்க வீட்டுக்கும் தேவை ஒண்ணு இல்ல. அக்கா கடைக்கு வர்றவங்க ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கத்து ஆளுங்க, போன்ல தேடி மேப்பப் பார்த்து நேரா கடைக்கு வர்றவங்க. எங்களுக்கு மாயேபூர்ல புளூ பே போற பக்கமா நாலு ரூம், வர்றவங்கள்ல பாதிக்கு மேல பக்கத்து பிரெஞ்சுத் தீவு ரீயூனியன், பிரான்ஸ் ஆளுங்க, அவங்க ஊர்ல உக்காந்துக்கிட்டு பிரெஞ்சுல தேடுறவங்க. தேடுறவங்க எங்க இருக்காங்க, எந்த பாஷையில தேடுறாங்க, இந்த ரெண்டும் தெரியாம எஸ்இஓவுக்கு விலை பேசவே கூடாது. எங்ககிட்ட பேக்கேஜ் வித்தவங்க இந்த ரெண்டையும் ஒரு தடவகூட கேக்கல, அன்னைக்கே எனக்கு உறைச்சிருக்கணும்.

அந்தப் பேக்கேஜ்ல மாசம் நாப்பது பேக்லிங்க் (வேற சைட்டுங்கள்லேர்ந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க்), எட்டு கட்டுரை, கடைசியில ஒரு ரிப்போர்ட். கேக்கும்போது நிறைய வேலை மாதிரிதான் இருந்துச்சு. பின்னாடி சர்ச் கன்சோல்ல (கூகுள்ல நம்ம சைட் எப்படி இருக்குன்னு கூகுளே காட்டுற இலவச டூல்) லிங்க்ஸ் பக்கத்தத் திறந்து பார்த்தா, எங்கயோ இருக்குற ஒரு பிளம்பிங் கம்பெனி, ஒரு சூதாட்ட சைட்டு, யாருமே படிக்காத டைரக்டரிங்க. புளூ பேல டைவிங் கத்துக்குடுக்குறவர் ஒருத்தர் தன்னோட சைட்ல 'தங்குறதுக்கு இங்க போங்க'ன்னு எங்களுக்கு ஒரு லிங்க் போட்டிருக்கார், அந்த ஒண்ணுக்கு இருக்குற மதிப்பு இந்த நாப்பதுக்கும் கிடையாது. ரேங்க்குக்காக லிங்க்க விலைக்கு வாங்குறது கூகுள் ரூலுக்கே விரோதம். 2011ல அமெரிக்காவுல ஜேசி பென்னின்னு பெரிய ஸ்டோர் 'டிரெஸ்', 'பெட்டிங்' மாதிரி பொதுவான வார்த்தைக்கெல்லாம் முதல்ல வந்துட்டு இருந்துச்சு, பின்னாடி இருந்தது காசு குடுத்து வாங்கின லிங்க்குங்கன்னு நியூயார்க் டைம்ஸ் எழுதினதும் கூகுள் அதைக் கீழ தள்ளிடுச்சு. அவ்வளவு பெரிய கடைக்கே அந்த கதின்னா நாலு ரூம் வச்சிருக்குற நாம எம்மாத்திரம்.

கட்டுரைங்க அதைவிட மோசம். இங்க 'காம்ப்மான்'னா கடலோரமா இருக்குற பங்களா வீடு, லீவுக்குக் குடும்பத்தோட வாடகைக்கு எடுத்துப் போவாங்க, மொரீஷியஸ்ல பொறந்த யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்த வார்த்தைய எங்க சைட்ல பார்த்துட்டு அவங்க கேம்பிங்னு நினைச்சு, கூடாரம் எப்படி அடிக்குறது, ஸ்லீப்பிங் பேக் எது வாங்குறதுன்னு மூணு கட்டுரை எழுதிப் போட்டுட்டாங்க. அத்தை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு ரொம்ப வருத்தப்பட்டாங்க, அவங்க கட்டிக் காப்பாத்தின வீடு அது. இப்படி ரேங்க்குக்காக மட்டும் மூட்டை மூட்டையா பக்கம் எழுதிக் குவிக்குறதையும் 2024 மார்ச்லேர்ந்து கூகுள் ஸ்பாம் கணக்குல சேர்த்துடுச்சு, ஆள் எழுதினாலும் மெஷின் எழுதினாலும் ஒண்ணுதான்.

சரி, ரிப்போர்ட்ல 'முதல் இடம்'னு பச்சைக் கலர்ல வந்துச்சே, அது என்னன்னு பார்த்தா எங்க கெஸ்ட் ஹவுஸ் பேரேதான். பேரு தெரிஞ்சவன் பேரைப் போட்டுத் தேடினா நாம முதல்ல வராம வேற யாரு வருவா! ரிப்போர்ட்ட வாங்கினா முதல்ல எந்த வார்த்தைக்கு ரேங்க்னு பாருங்க. அப்புறம், முதல் இடம் கேரண்டின்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு கூகுளே தன்னோட உதவிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கு, கேக்காமலே மெயில் அனுப்புற கம்பெனிங்ககிட்ட ஜாக்கிரதைன்னும் அங்கயே இருக்கு.

இப்ப ஃப்ரீலான்சர். கியூர்பீப்ல ஒரு தம்பி, முன்னாடி ஹோட்டல் சைட்டுங்களுக்கு டெவலப்பரா இருந்தவர். வந்த உடனே பாஸ்வேர்ட் கேக்கல, "சர்ச் கன்சோல்ல எனக்குப் பார்க்க மட்டும் அனுமதி குடுங்கக்கா, பார்த்துட்டு என்ன வேலை இருக்குன்னு சொல்றேன், அப்புறம் காசு பேசலாம்"னார். அப்பவே பாதி நம்பிக்கை வந்துடுச்சு. எங்க வீட்டு சாப்பாட்டு மேசையில லேப்டாப்ப வச்சு, பேஜஸ் ரிப்போர்ட்டத் திறந்தார். இங்கிலீஷ் பக்கம் எல்லாம் இண்டெக்ஸ்ல, அதாவது கூகுள் தேடல்ல காட்டுறதுக்கு வச்சிருக்குற லிஸ்ட்ல இருக்கு, பிரெஞ்சுப் பக்கம் ஒண்ணுகூட இல்ல, பதினொண்ணும் 'இண்டெக்ஸ் ஆகல' லிஸ்ட்ல வரிசையா நிக்குது. காரணம்னு போட்டிருந்த இடத்துல 'சரியான கேனோனிக்கல் டேக் உள்ள மாற்றுப் பக்கம்'ங்குற அர்த்தத்துல ஒரு வரி. பக்கத்தோட சோர்ஸ் கோட ஓப்பன் பண்ணி, மேல இருக்குற ஒரே ஒரு வரியக் காட்டினார், ஒவ்வொரு பிரெஞ்சுப் பக்கமும் 'நான் நகல், ஒரிஜினல் அந்த இங்கிலீஷ் பக்கம்'னு கூகுளுக்கு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. எங்க வீட்டுக்கு வர்ற கடுதாசியெல்லாம் பக்கத்து வீட்டுல குடுத்துடுங்கன்னு நாமளே போஸ்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்த மாதிரி. ரீயூனியன்காரங்க பிரெஞ்சுல தேடிட்டே இருந்தாங்க, எங்க பிரெஞ்சுப் பக்கம் கூகுள்லயே இல்ல. எட்டு மாசம் நாப்பது நாப்பதா லிங்க் போட்டவங்க ஒருத்தரும் இதைப் பார்க்கல.

வேலை ஒரு மதியத்துல முடிஞ்சிடுச்சு. ஒவ்வொரு பக்கத்தோட கேனோனிக்கலும் தன்னையே காட்டுற மாதிரி மாத்தி, ரெண்டு பாஷைப் பக்கமும் ஒண்ணையொண்ணு காட்டுற மாதிரி எச்ரெஃப்லாங்ங்குற டேக் போட்டார் (ரெண்டு பக்கத்துலயும் போடணும், ஒரு பக்கம் மட்டும் போட்டா கூகுள் எடுத்துக்காது). அப்புறம் கேமராவுலேர்ந்து அப்படியே ஏத்தி வச்சிருந்த அஞ்சு எம்பி போட்டோவ எல்லாம் சுருக்கினார், ஏன்னா பக்கத்துல இருக்குற பெரிய படம் 2.5 செகண்டுக்குள்ள தெரியணும்ங்குறது கூகுள் வச்சிருக்குற அளவு, எங்களோடது போன்ல அதைத் தாண்டிப் போயிட்டு இருந்துச்சு. அஞ்சு வாரத்துல பிரெஞ்சுப் பக்கம் எல்லாம் இண்டெக்ஸ் ஆகிடுச்சு. மொத்தமா வாங்கினது மூணு மாசப் பேக்கேஜ் காசு, ஒரே தடவை.

குறை இல்லாம இல்ல. தனி ஆள், அவருக்கு வேலை குவியுற நேரத்துல மெசேஜுக்கு நாலு நாள் கழிச்சுதான் பதில் வரும். எழுத்து வேலை அவருக்கு வராது, பிரெஞ்சுப் பக்கத்த எல்லாம் ரீயூனியன்ல செயிண்ட் பியர்ல இருக்குற என் நாத்தனார்தான் உக்காந்து எழுதினாங்க. அது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. இங்க இருக்குறவன் காம்ப்மான்னு தேடுவான், பிரான்ஸ்காரன் 'ஷாம்ப்ர் தோத்'னு (வீட்டுக்காரங்க தங்க விடுற ரூம்) தேடுவான், அது அந்த ஊர்ல இருக்குறவங்களுக்குத்தான் தெரியும், காசு குடுத்து வாங்குற வார்த்தை லிஸ்ட்ல இருக்காது.

ஏஜென்சி பத்தி நியாயமா சொல்லணும். எபென்ல ஒரு ஏஜென்சியோட ரெண்டு தடவை உக்காந்து பேசினோம், விஷயம் தெரிஞ்சவங்கதான். எழுத ஒரு ஆள், கோட் பார்க்க ஒரு ஆள், பத்திரிகை, டிராவல் சைட்டுங்களோட பேச ஒரு ஆள்னு டீமா இருக்காங்க, யாராவது லீவு போட்டாலும் வேலை நிக்காது. ஆனா ஒரு வருஷ காண்ட்ராக்ட், மாசக் கட்டணம் எங்க ஒரு ரூமோட மாச வருமானத்துக்கு மேல. படகு டூர், கார் வாடகை, இருபது முப்பது வில்லான்னு நூறு பக்கம் இருக்குற ஆளுக்கு, மூணு பாஷையில சைட் ஓட்டுறவருக்கு அது தகும், தாராளமா குடுக்கலாம். நாலு ரூமுக்கும் ஒரு புடவைக் கடைக்கும் அந்த வருஷ காண்ட்ராக்ட்ல செய்ய வேலையே பத்தாது, அப்புறம் அவங்களும் ரிப்போர்ட்தான் அனுப்பணும். போறவங்க ஒண்ணு கேட்டுக்குங்க, மீட்டிங்ல பேசுறவர்தான் வேலை பார்ப்பாரா, இல்ல சைன் பண்ணப்புறம் வேற கைக்குப் போகுமா. அப்புறம் மாசாமாசம் சைட்ல என்னென்ன மாத்தினாங்கன்னு எழுத்துல தரணும்னு காண்ட்ராக்ட்லயே சேர்த்துடுங்க.

ஆட்ஸ் வேற கணக்கு. காசு போட்ட அன்னைக்கே மேல வரலாம், நிறுத்தின அன்னைக்கே காணாமப் போயிடுவோம். ஆட்ஸ் போட்டா சாதா ரிசல்ட்லயும் ஏத்தி விடுவாங்கன்னு நிறைய பேர் நம்புறாங்க, அப்படி எதுவும் கிடையாது, கூகுளே தெளிவா சொல்லிருக்கு. நவம்பர்ல ரூம் காலியா கிடந்து டிசம்பர் ரீயூனியன் ஸ்கூல் லீவுக்குள்ள நிரப்பியாகணும்னா ஆட்ஸ்தான் வழி, ஏன்னா எஸ்இஓ வேலையோட பலன் தெரிய பொதுவா நாலு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகும்னு கூகுளே சொல்லுது. டிசம்பருக்கு வேணும்னா ஜூலையிலயே ஆரம்பிக்கணும்.

இப்ப அக்கா கடைக்கு வர்றேன். அவங்களுக்கு இது எதுவுமே இப்போதைக்கு வேண்டாம், ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் நானும் அவங்களும் உக்காந்தோம். மேப்ல கடை வர்றதுக்கு கூகுள் பார்க்குறது மூணு விஷயம், தேடினதுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு தெரிஞ்ச கடைங்குறது. தூரத்த நாம மாத்த முடியாது, மத்த ரெண்டுக்கும் முதல்ல சரி பண்ண வேண்டியது பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுள் மேப்ல கடைக்குன்னு இருக்குற பக்கம், அது இலவசம். அக்காவோட ப்ரொஃபைல்ல வகைன்னு போட்டிருந்தது வெறும் 'கடை', அதைப் புடவைக் கடைன்னு மாத்தினோம். கடை பேரோட 'பெஸ்ட் சாரி மொரீஷியஸ்'னு யாரோ ஒட்டி விட்டிருந்தாங்க, அதை எடுத்தோம், போர்டுல இருக்குற பேர்தான் அங்கயும் இருக்கணும், இல்லாட்டி ப்ரொஃபைலையே முடக்கலாம். தைப்பூசக் காவடிக்கு இங்க கவர்ன்மெண்ட் லீவு, அன்னைக்குக் கடை உண்டா இல்லையான்னு லீவு நேரத்துல போட்டு வச்சோம். காவடிக்கு ரோஸ் கலர் புடவை தேடி வர்றவங்க அதிகம், அதுக்கு சைட்ல தனிப் பக்கம் வேணும்னு சொன்னேன், அதுல காவடிய இங்கிலீஷ் எழுத்துல போடும்போது தமிழ்நாட்டுல எழுதுற மாதிரி 'கே'ல ஆரம்பிச்சா பத்தாது, இங்க நோட்டீஸ், காலண்டர் எல்லாத்துலயும் 'சி'ல ஆரம்பிச்சு ரெண்டு 'ஈ'ல முடியும், ஜனங்க டைப் பண்றதும் அப்படித்தான்.

நடுவுல அக்கா, "அஞ்சு ஸ்டார் போடுறவங்களுக்கு நூறு ரூபாய் தள்ளுபடி குடுக்கட்டுமா?"ன்னாங்க.

"வேண்டாங்க்கா, சலுகை குடுத்து ரிவ்யூ வாங்குறது ரூலுக்கு விரோதம், தெரிஞ்சா இருக்குற ரிவ்யூவும் போயிடும். பில் போடும்போது வாயால கேளுங்க, அது போதும்."

"அப்ப அந்த ஆறாயிரம்?"

"அதுல நாலு நல்ல போட்டோ எடுங்கக்கா, மிச்சம் கைல இருக்கட்டும்."

யார வச்சாலும் சரி, யாரையும் வைக்காட்டியும் சரி, மூணு சாவி உங்க கையில இருக்கணும். டொமைன், அதாவது உங்க சைட்டோட முகவரி, உங்க பேர்ல, உங்க மெயில்ல. சர்ச் கன்சோல்ல ஓனர் நீங்க, வேலை பார்க்குறவர் யூசர் மட்டும். பிசினஸ் ப்ரொஃபைல்ல பிரைமரி ஓனர் நீங்க. எங்க பேக்கேஜ்காரங்க 'ரெனியூவல நாங்களே பார்த்துக்குறோம்'னு சொல்லி டொமைன அவங்க அக்கவுண்டுக்கு மாத்திக்கிட்டாங்க, நிறுத்துறோம்னு சொன்ன அன்னைக்குத்தான் தெரிஞ்சுது அது எங்களது இல்லன்னு. மூணு வாரம் மெயில் மேல மெயில், போன் மேல போன், என் வீட்டுக்காரர் தூங்கவே இல்ல, கடைசியில இன்னும் ரெண்டு மாசக் கட்டணம் கட்டினப்புறம்தான் டிரான்ஸ்ஃபர் கோட் வந்துச்சு. வீட்டுப் பத்திரத்த வெள்ளை அடிக்க வந்தவர்கிட்ட குடுத்து வைப்போமா? சர்ச் கன்சோல் 16 மாசக் கணக்குதான் வச்சிருக்கும், அதனால இன்னைக்கே திறந்து வைங்க, நாளைக்கு யாரு வந்தாலும் அவங்க வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்ட உங்க கையில ஆதாரம் இருக்கும்.

அக்கா கடை ப்ரொஃபைலுக்கு வீடியோ வெரிஃபிகேஷன் போன வாரம் முடிஞ்சுது, கடை போர்டையும் ஷட்டர் திறக்குறதையும் அவங்க பையன் எடுத்து அனுப்பினான். நேத்து எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாங்க, முதல் ரிவ்யூ, இங்க பேசுற கிரியோல்ல, நாலு வரி. அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன், எழுதினவங்க யார் வீட்டுப் பொண்ணுன்னு அத்தைக்குத் தெரிஞ்சிருக்கு.